கடல் பக்கத்து அறை

மணி மூன்று தாண்டிப் பத்து நிமிடம். நீளமான பாதை. ஆள் கிடையாது. தெருவிளக்கு கிடையாது, நிலா கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது... ஏனென்றால் அது தெருவே இல்லை. ஒரு பெரிய உல்லாசக் கப்பலின் எட்டாவது மாடி. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். காலடியில் சிவப்புக் கம்பளம். அதன் மேல் வெறுங்காலோடு, பனியனோடு, ஒருவர் ஓடுகிறார். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் இந்தச் சுவரில் ஒரு இடி, அந்தச் சுவரில் ஒரு இடி.

அவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். என்னோடு வேலை பார்க்கிற லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர். அவன் அவரை அத்தான் என்பான். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். நடந்ததை அந்த அக்காதான் தம்பியிடம் சொன்னாள். தம்பி என்னிடம் சொன்னது ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில். சொல்லி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் பதினாறு மாடியையும் படியிலேயே இறங்கினோம். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு இருக்கட்டும், அணைக்க வேண்டாம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அத்தான் முப்பது வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பழகியவர். மாவு பிசைந்து, அடுப்பைச் சூடாக்கி, ஊர் கண் விழிக்கும்போது ரொட்டி தயாராக இருக்க வேண்டும். லீவு என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை. கடைசியில் அக்கா ஒரு நாள் பிடித்த பிடியை விடவில்லை.

"உங்களையும் உங்க அடுப்பையும் பாத்தே எனக்கு முடி நரைச்சுப் போச்சு. ஒரே ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போங்க. அப்புறம் வாயத் திறந்தா கேளுங்க."

ஆறு ராத்திரிப் பயணம். மூன்று ராத்திரி கரையை ஒட்டியே போய், ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்புகிற கப்பல். டிராவல்ஸ் ஆபீஸ் பெண் கேட்டாள்.

"பால்கனி ரூம் ரெண்டு பக்கமும் இருக்கு சார். இடது பக்கமா, வலது பக்கமா?"

"என்ன வித்தியாசம்?"

"போகும்போது இடது பக்கம் கரை தெரியும். விளக்கெல்லாம் அழகா இருக்கும். வலது பக்கம் வெறும் கடல்தான்."

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. "கரை கண்ணுல பட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். அத்தான் கேட்கவில்லை. "முப்பது வருஷமா சுவத்தைப் பாத்து நின்னவன் நான். கண்ணு முன்னாடி ஒண்ணுமே இல்லாம ஒரு வாரம் இருக்கணும். கரையப் பாக்க எதுக்குக் கப்பல்? பஸ் ஸ்டாண்டு பெஞ்சு போதாதா?"

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பு என்று பிற்பாடு எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. அந்தப் பெண் திரையில் ஒரு கட்டத்தைத் தட்டினாள். வலப்பக்கம்.

முதல் ராத்திரி. பழக்க தோஷம், மூன்று மணிக்கு அத்தானுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. அறை இருட்டு. அடியில் எங்கேயோ இன்ஜின் முனகல். அக்காவின் மெல்லிய குறட்டை. அதற்கு நடுவில் இன்னொரு சத்தம்...

பத்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பத்... பத்.

பிசைந்த மாவைப் பலகையில் போடும் சத்தம் அவருக்குத் தெரியாதா? அதே சத்தம். ஈரமான, கனமான சத்தம். பால்கனிக் கண்ணாடிக் கதவிலிருந்து வந்தது.

எழுந்து போய்த் திரையை விலக்கினார். பால்கனியில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை. அதற்கப்புறம் இருட்டு. யாரும் இல்லை. கண்ணாடியில், அவர் மார்பு உயரத்தில், ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. தன் கையாக இருக்குமென்று உள்பக்கம் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அது வெளிப்பக்கம். அதிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

கூடவே ஒரு வாடை. கெட்டுப்போன மாவை மூட்டை பிரிக்காமலே கண்டுபிடிக்கிற மூக்கு அவருக்கு. இது மீன் வாடையும் இல்லை, உப்பு வாடையும் இல்லை. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர் எப்படி இருக்கும், அந்த வாடை.

காலையில் அறை சுத்தம் செய்ய ஒரு நடுவயது அம்மாள் வந்தாள். படுக்கை விரிப்பை மாற்றினாள், குப்பையை எடுத்தாள். போகும்போது இரண்டு பெரிய துண்டுகளைச் சுருட்டி, பால்கனிக் கதவின் அடியில், இடைவெளி தெரியாமல் அழுத்தி வைத்தாள்.

"எதுக்கும்மா இது?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணி வருங்க."

"எட்டாவது மாடிக்கா?"

அந்த அம்மாள் துண்டை இன்னொரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் ராத்திரி. அதே மூன்று மணி. பத்... பத்... பத். இந்தத் தடவை அக்காவும் பாதித் தூக்கத்தில் புரண்டாள். அப்போதுதான் குரல் வந்தது. பெண் குரல். கண்ணாடிக்கு வெளியிலிருந்து. அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. ரொம்ப நேரம் நடந்து களைத்த ஒருத்தி முகம் தெரியாத ஊரில் வழி கேட்கிற மாதிரி...

"கரை எந்தப் பக்கங்க?"

அக்கா இளகிய மனசுக்காரி. தெருவில் யார் வழி கேட்டாலும் கூடவே நாலு அடி நடந்துபோய்க் காட்டிவிட்டு வருகிறவள். தூக்கக் கலக்கத்தில், பக்கத்து அறை ஆள் என்றே நினைத்து, கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டாள்.

"இந்தப் பக்கம் இல்லம்மா. எதிர்ப் பக்கம்."

இன்ஜின் முனகல் மட்டும். சொன்ன பிறகுதான் அக்காவுக்குச் சுரீரென்று உறைத்தது, கண்ணாடிக்கு வெளியே கடல்தான், அறையே கிடையாது என்று. கண்ணைத் திறந்தாள். அத்தான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை கதவின் கைப்பிடியில் இருந்தது.

கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. மேலே ஏறியது. மறுபடி இறங்கியது.

"திறங்க... குறுக்கால போயிடுறேன்."

எழுந்து ஓடியிருக்கலாமே என்பீர்கள். கால் இருந்தால்தானே ஓட? இரண்டு பேரும் கட்டிலிலேயே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கோபமில்லை, அவசரமில்லை. வானம் வெளுக்கிற வரைக்கும். காலையில் சுருட்டி வைத்த துண்டு இரண்டும் நனைந்து பிழிகிற பதத்தில் இருந்தன.

வரவேற்பு மேஜைக்குப் போனார்கள். கப்பல் நிறைந்துவிட்டது, ஒரு அறைகூடக் காலி இல்லை. அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு மூன்று தடவை அதையே சொன்னாள்.

மத்தியானச் சாப்பாட்டு மேஜையில்தான் அந்த வாய்ப்பு வந்தது. வாய்ப்பு என்று அன்றைக்கு நினைத்தார்கள். கூட உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அறுபத்தைந்து வயசிருக்கும். வெள்ளை மீசை, வெடிச் சிரிப்பு. பக்கத்தில் அவர் மனைவி. எல்லோரும் அவளை டிரைவரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

"எங்களுக்கு இடது பக்கம் குடுத்துட்டான் தம்பி" என்று டிரைவர் அலுத்துக்கொண்டார். "கரை தெரியுது, ரோடு தெரியுது, ரோட்டுல பஸ்ஸு போற லைட்டும் தெரியுது! முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினேன். இங்கயும் அதத்தான் பாக்கணுமா?"

டிரைவரம்மா சிரித்தாள். "ராத்திரி பால்கனில நின்னு, அந்த பஸ்ஸு லேட்டுன்னு திட்டுறாரு."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாங்க வலது பக்கம்தான் அண்ணே. வெறும் கடல். இவளுக்கு அது ஒத்துக்கல. மாத்திக்கலாமா?"

டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார். "தம்பி, நீங்க நல்லா இருக்கணும்!"

சாயங்காலம் பெட்டிகளைத் தாங்களே தள்ளிக்கொண்டு போய், சாவி அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். கப்பல்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. போகிற வழியில் அக்கா மெதுவாகக் கேட்டாள், "சொல்லிடலாமாங்க?" அத்தான் திரும்பாமலே சொன்னார், "சொன்னா யாரு மாறுவா?"

மூன்றாம் ராத்திரி. ஜன்னலில் கரை விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். மூன்று மணிக்கு அத்தான் விழித்தார். ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகத் திரும்பிப் படுக்க வேண்டியதுதானே? முடியவில்லை. எழுந்து வெளியே வந்தார். இடப்பக்க நடையில் நடந்து, லிஃப்ட் பக்கம் குறுக்கே கடந்து, வலப்பக்க நடைக்குப் போனார். தன் பழைய அறைக் கதவில் காதை வைத்தார்.

டிரைவரின் குரல். தணிவாக, பரிவாக.

"உள்ள வாம்மா... படி இருக்கு, பாத்து."

அத்தானின் கை தட்டுவதற்கு உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவருக்கே தெரியாது. பிறகு இறங்கியது. சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அக்காவிடம் இதை அவர் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

மறுநாள் காலை கப்பல் துறைமுகத்தில் நின்றது. டிரைவர் உற்சாகமாகச் சாப்பிட வந்தார்.

"ராத்திரி ஒரு பொண்ணு வழி கேட்டுச்சு தம்பி. தெப்பமா நனைஞ்சு போயிருந்துச்சு, பாவம். கரை எந்தப் பக்கம்னு கேட்டுச்சு. ஏம்மா அலையுற, வண்டி நாளைக்குத் திரும்பும், திரும்பினா இதே பக்கம் கரை வந்துரும், அதுவரைக்கும் உள்ள உக்காரு, உன் ஸ்டாப் வந்ததும் நானே இறக்கி விடுறேன்னு சொன்னேன்."

டிரைவரம்மா அக்காவின் தோளைத் தட்டிச் சிரித்தாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து தூக்கத்துல பஸ்ஸு ஓட்டுறாரு. நேத்து டபுள் டூட்டி போல."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி, "ஆனா அந்த ரூம்ல ஏசி ஒழுகுதும்மா. சோபா முழுக்க ஈரம்" என்றாள்.

அக்கா சொல்லிவிட வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் அத்தானின் கால் அவள் காலை அழுத்தியது.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. காற்று ஏறிக்கொண்டே வந்தது. அக்கா விளக்குகளைப் பார்க்கலாம் என்று திரையை விலக்கினாள். விளக்கு இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடுகூட இல்லை.

"என்னங்க... கரை எங்க?"

அத்தானுக்கு அப்போதுதான் விளங்கியது. கப்பல் திரும்பினால் பக்கமும் திரும்பும். கரை இப்போது வலப்பக்கம். கடல் இவர்கள் பக்கம். பஸ் டிரைவருக்குத் தெரிந்த கணக்கு ரொட்டிக்கடைக்காரருக்குத் தெரியாமல் போயிற்று.

மேலே தேநீர்க் கூடத்தில் உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்துவிடலாம் என்று கிளம்பினார்கள். அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. பலத்த காற்று. கூடங்கள் எல்லாம் மூடப்படுகின்றன. எல்லோரும் அவரவர் அறையிலேயே இருக்கவும். பால்கனிக் கதவைத் திறக்க வேண்டாம்.

உள்ளே உட்கார்ந்து கதவடியில் துண்டைத் திணித்தார்கள். இருந்த துண்டெல்லாம் திணித்தார்கள். நாற்காலியை நகர்த்தி வைத்தார்கள். மணி பதினொன்று... ஒன்று... இரண்டு...

மூன்று அடித்தது.

பத்.

பிறகு இன்னொன்று, மேலே. பிறகு கீழே, முழங்கால் உயரத்தில். பிறகு ஒரே நேரத்தில் நாலைந்து. ஒரு கை இல்லை இது. பெரிய கை, சின்னக் கை, விரலால் தட்டுகிற கை, உள்ளங்கையால் அறைகிற கை. குரல்களும் அப்படியே. கிழவர் குரல், ஆண் குரல், குழந்தைக் குரல். எல்லாமே மரியாதையாக. எல்லாமே களைத்துப்போய்.

"கரை எந்தப் பக்கங்க?"

அக்கா தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள். அத்தான் போனை எடுத்து, தன் பழைய அறை எண்ணை அழுத்தினார். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை மணி அடித்தது. டிரைவர் எடுத்தார்.

"அண்ணே! கதவைத் திறக்காதீங்க! அது பொண்ணே இல்ல. நாங்க தெரிஞ்சேதான் உங்ககிட்ட..."

"அப்புறம் பேசுறேன் தம்பி." குரலில் டூட்டியில் இருக்கிறவரின் அவசரம். "ஸ்டாப் வந்துருச்சு."

வைத்துவிட்டார்.

அப்போது ஓடியதுதான் அந்த ஓட்டம். மனைவியை அந்தக் கைகளோடு தனியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு, சுவருக்குச் சுவர் இடித்துக்கொண்டு. லிஃப்ட் பக்கம் ஒரு தடவை விழுந்தார். முழங்கால் கிழிந்தது. எழுந்து ஓடினார். அந்தக் கதவை இரண்டு கையாலும் அடித்தார். போன தடவை உயர்ந்து நின்ற கை அதுதான். இப்போது அடித்த அடியில் பக்கத்து அறைகளெல்லாம் விளக்குப் போட்டன.

டிரைவரம்மா தூக்கம் கலையாமல் கதவைத் திறந்தாள். "என்ன தம்பி, என்னாச்சு?"

அவள் தோளுக்கு மேலே அத்தான் பார்த்தார். பால்கனிக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. திரை வெளியே இழுபட்டுக் கொடி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால், தூரத்தில், கரை விளக்குகள் அழகாக, வரிசையாக...

கட்டிலில் ஒரு பக்கம் காலி.

இடப்பக்க அறையில் கைகள் எல்லாம் சட்டென்று ஓய்ந்தன என்று அக்கா சொன்னாள். ஒரே நேரத்தில். யாரோ மணி அடித்து நிறுத்தின மாதிரி.

கப்பல் மறுநாள் மத்தியானம் வரை அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. படகு இறக்கினார்கள், விளக்கு அடித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. விடிகாலையில், பதிவேட்டை மட்டும் பார்த்த ஒரு அதிகாரி அக்காவைத் தேடி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்கம்மா. உங்க கணவர்..." என்று ஆரம்பித்தார். பதிவேட்டில் அந்த அறை அத்தானுடையதுதானே? அத்தான் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

"ரூம் ஏன் மாத்தினீங்க?"

அத்தானை முந்திக்கொண்டு அக்காதான் சொன்னாள். "அவருக்குக் கடல் பாக்கணும்னு ஆசைங்க."

பொய் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

கடைசி நாள், இறங்குகிற பாலத்தில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் அட்டையையும் ஒரு கருவி தொட்டு 'டிங்' என்றது. டிரைவரம்மா இவர்களுக்கு முன்னால் நின்றாள். திரும்பி அக்காவைக் கட்டிக்கொண்டாள். "கடைசியா அவரு ஆசப்பட்டதப் பாத்துட்டாரும்மா. உங்களாலதான். மகராசியா இருங்க." அக்காவுக்கு அந்த இடத்திலேயே காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. அவள் கொட்டவில்லை.

பாலத்தடியில் இரண்டு அதிகாரிகள் ஒரு கணினித் திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது. "ஏறினத விட ஒருத்தர் குறையணும்ல? குறையல சார். மூணு தடவை பாத்துட்டேன்."

வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் கடையைத் திறந்தார். மூன்று மணிக்கு எழுகிற ஆள், இப்போதெல்லாம் பத்து மணிக்குப் படுத்து மூன்று மணி வரை கண் மூடுவதே இல்லை. ரொட்டி கருகியது. வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒரு மாதம் பார்த்தாள் அக்கா. ஒரு நாள் மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், சொல்லித்தான் தீர்வது என்று முடிவு கட்டி, டிரைவரம்மாவுக்குப் போன் போட்டாள். அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நான்தான்... கப்பல்ல ரூம் மாத்திக்கிட்டோமே..."

"அடடே, நீங்களா! நல்லா இருக்கீங்களா?" குரல் தெம்பாக இருந்தது. எதிர்பார்த்ததைவிடத் தெம்பு.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தனியா எப்படி இருக்கீங்களோன்னு தினமும் நெனச்சு..."

"தனியா எங்க இருக்கேன்? துணைக்குத்தான் ஒரு பொண்ணு இருக்கே. எங்கேருந்து வந்தான்னு கேக்காதீங்க, கப்பல்லேர்ந்து வந்த அன்னைக்கு என் பின்னாடியே வீட்டுக்குள்ள வந்துட்டா. போக்கிடம் இல்லாத பிள்ளை, போன்னு சொல்ல மனசு வரல. ஒரு தொந்தரவு கிடையாது. பேச்சும் கிடையாது." டிரைவரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. "சாப்பாடுதான் ஒரு வாய் எறங்க மாட்டேங்குது அவளுக்கு. ஒரு குடம் தண்ணியில உப்பக் கரைச்சு வெச்சா, காலையில குடம் காலியா இருக்கு."